கடைசி வரிசைக் கள்ளு

பொந்தியான் என்ற ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் யாரும் வெறுமனே கள்ளு என்று கேட்க மாட்டார்கள். எந்த வரிசைக் கள்ளு என்று கேட்பார்கள். ரப்பர்க்காட்டு மேட்டிலிருந்து கடலோரம் வரைக்கும் ஏழு வரிசைத் தென்னை நின்றது. வரிசைக்கு வரிசை நடுவில் ஒரு பாரிட், அதாவது தண்ணீர் வடிகிற வாய்க்கால். ஒரே நாற்றங்காலில் எடுத்த தென்னம்பிள்ளைகள், ஒரே பருவத்தில் நட்டவை, ஒரே விதமாகப் பாளை சீவுவது. இருந்தும் ஏழு வரிசைக்கும் ஏழு ருசி.

மேட்டுப் பக்கம் இருந்த முதல் வரிசை செம்மண். அந்தக் கள்ளு கனமாக இருக்கும்; மத்தியானத்துக்குள் புளித்துத் தலையைப் பிடிக்கும். நடு வரிசைகளில் மண் கறுப்பு. எந்தக் காலத்திலோ விழுந்த மரமும் இலையும் மக்கிக் கிடந்த சேறு. அங்கே பாரிட் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடும், கள்ளிலும் நனைந்த விறகின் வாசனை வரும். ஏழாவது வரிசைதான் கடைசி. கடலைத் தடுத்துப் போட்ட மண் அணைக்கு உள்பக்கம் அது நின்றது. அணைக்கு அந்தப் பக்கம் வேர்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற சதுப்புமரக் காடு, அதற்கப்பால் கடல். அந்தக் கள்ளு லேசாக, தெளிவாக, இனிப்புக்குப் பின்னால் ஒரு துளி உப்போடு இருக்கும். சாயங்காலம் வரை புளிக்காது. ஆரம்பத்தில் அதை உப்புக் கள்ளு என்று முகம் சுளித்தவர்கள்தான் அதிகம்.

அந்த நிலம் முழுவதும் ஒரு காலத்தில் கடலுக்கும் கரைக்கும் பொதுவாகக் கிடந்த சதுப்பு. பாரிட் வெட்டி, அணை போட்டு, தண்ணீரைப் பின்னால் தள்ளிவிட்டு அதன்மேல் தென்னை வைத்திருந்தார்கள். நான் கப்பலிறங்கி வந்தபோது மரங்கள் காய்ப்புக்கு வந்துவிட்டன. பாரிட் வெட்டியவர்களில் ஒருவரையும் அங்கே பார்க்கவில்லை. காய்ச்சலில் போனவர்கள் போக மற்றவர்கள் வேறு இடம் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். தள்ளிவிட்ட கடல் சும்மா இருக்குமா என்று எனக்கு முதல் நாளே ஒரு யோசனை வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

எனக்கு எல்லாவற்றுக்கும் யோசனை வரும். மழை பெய்தால் நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரையைப் பற்றி, பெய்யாவிட்டால் கிணற்றைப் பற்றி. மனைவி இரண்டு முறை இருமினால் மூன்றாவது இருமலுக்காகக் காது கொடுத்துக்கொண்டே படுத்திருப்பேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், கணக்கும் வராது, கத்தியும் பிடிக்க வராது. ஆனால் நாக்கு இருந்தது. மரமேறிகள் காலையில் இறக்கி வரும் கலயங்களை வரிசை வரிசையாக ருசி பார்த்து, தண்ணீர் கலந்திருக்கிறதா, பழைய புளிப்பு இருக்கிறதா என்று சொல்லி, அந்தந்தப் பீப்பாயில் ஊற்றவிடுவது என் வேலை. நான் குடிக்கிறவன் இல்லை. விழுங்கினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்ற பயத்தில் வாயில் வைத்துத் துப்பிவிடுவேன். அதனால்தான் கிராணியார் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீசில் துரைக்கு அடுத்தபடி அவர்தான்.

கடைசி வரிசையில் அப்போது ஏறிக்கொண்டிருந்தவர் எங்களுக்கெல்லாம் முந்தி வந்த மனிதர். பேச்சுக் குறைவு. ஒருநாள் காலை அவருடைய கலயத்தில் வாய் வைத்தேன். முதலில் இனிப்பு, பிறகு வழக்கமான உப்பு. துப்பினேன். துப்பிய பிறகு நாக்கின் அடியில் இன்னொன்று வந்தது. ருசி என்று அதைச் சொல்ல முடியாது. ஆழமான கிணற்றுக்குள் குனிந்தால் முகத்தில் வந்து படுமே ஒரு குளிர், அது வாய்க்குள் வந்து பட்டது போல இருந்தது. வாயைக் கொப்பளித்தேன். வெயில் ஏறும் வரைக்கும் அது போகவில்லை.

கலயம் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து, கழுவுகிற பெண்ணைச் சத்தம் போட்டேன். மறுநாளும் அது இருந்தது. மூன்றாம் நாளும் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலச் சீவலுக்கு அவர் ஏறியபோது காற்றே இல்லை. பாரிட் தண்ணீரில் மரங்களின் நிழல் வரைந்து வைத்தது போல நின்றது. நான் கலயங்கள் வைக்கும் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மரம், அவரோடு சேர்ந்து, ஒருவர் உட்காருவது போல மெதுவாகச் சாய்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

ஓடிப் போனோம். அவருக்குப் பேச்சு இல்லை. இருட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. மரத்தின் வேர் முழுசாக மேலே வந்திருந்தது. வேர் இருந்த குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மரத்தின் உச்சியில் கட்டியிருந்த கலயம் உடையவில்லை. யாரோ அதை அவிழ்த்து வழக்கம் போலப் பீப்பாயில் ஊற்றிவிட்டார்கள். துக்கத்துக்குக் கூடியவர்கள் கள்ளுக்கடைக்குத்தானே போவார்கள். வாசலில் நின்ற என் காதில் விழுந்தது.

"இன்னிக்கு என்னாய்யா, இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"குடிச்சுப் பாரு. நெஞ்சுக்குள்ள சில்லுனு எறங்குது."

பிறகு இன்னொரு குரல், "எனக்கும் ஒரு மங்கு ஊத்துப்பா, அதுலயே ஊத்து" என்றது.

கடைசி வரிசைக் கள்ளுக்குப் பேர் வந்தது அந்த நாளிலிருந்துதான். அந்தக் குளிர்ச்சி மறுவாரமே போய்விட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் பேர் நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தார்கள். கெலாங் பாத்தாவிலிருந்து ஏதோ வேலையாக வந்த ஒருவர், கடைசி வரிசை தீர்ந்துவிட்டது என்றதும் கோபித்துக்கொண்டு குடிக்காமலே போனார். அந்த வரிசையில் ஏறுகிறவனுக்கும் மதிப்பு வந்தது. அந்த இடத்துக்குக் கிராணியார் என் மைத்துனனைப் போட்டார்.

அவன் என் மனைவிக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் இரண்டு பேரும் போன பிறகு அவளே தூக்கி வளர்த்து, கூடவே கப்பலேற்றிக்கொண்டு வந்தவள். மரத்தில் பூனை மாதிரி ஏறுவான், வாய் மட்டும் நீளம். கடைசி வரிசை தனக்கு என்றதும் தலைப்பாகையைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, இனிமே என் கலயத்தை நீங்க துப்பக் கூடாது. முழுங்கணும். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

சில மாதம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காலையும் அவன் கலயத்தில் மட்டும் இரண்டு முறை வாய் வைப்பேன். இனிப்பு, உப்பு, அவ்வளவுதான். பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கலயத்துக்குப் போவேன். அப்புறம் ஒருநாள் காலை, துப்பிய பிறகு, அது வந்தது.

நேரே கிராணியாரிடம் போனேன். அவர் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"உப்புக் கூடிப்போச்சு எண்டு சொல்லுறீரோ?"

"உப்பு இல்லைங்க ஐயா. உப்புக்குப் பிறகு ஒண்ணு வருது. அந்த மனுசன் விழுந்தாரே, அதுக்கு முந்தி மூணு நாளும் இதான் வந்துச்சு."

"உம்மட நாக்கு என்ன, சாத்திரம் சொல்லுதோ? போன கிழமை கிணத்துக்குள்ள முதலை எண்டு வந்து நிண்டீர். அதுக்கு முந்தி கொள்ளைநோய் எண்டீர். துரைக்கு நான் போய் என்னெண்டு சொல்லுறது? கள்ளு குளிருது, மரம் ஏற வேண்டாம் எண்டோ?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. முதலை என்று நான் சொன்னது ஒரு கட்டை.

மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "என்னங்க, எனக்கு அவன் ஒருத்தந்தாங்க. எப்படியாச்சும் அவனை எறக்கிடுங்க" என்றாள். தம்பியைக் கூப்பிட்டு அழுதாள். அவன் கேட்டுவிட்டு, "அக்கா, மாமா சொன்ன கணக்குக்கு நாம எல்லாரும் கப்பல்லயே செத்திருக்கணும்" என்று சிரித்துக்கொண்டே அரிவாளைத் தீட்டப் போனான்.

அன்றைக்குத்தான் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அதில் இறங்குவது கள்ளாகாது. பதநீராகவே நிற்கும், எத்தனை மங்கு குடித்தாலும் போதை ஏறாது. கள்ளுக்கடைக்குப் பதநீரை அனுப்பினான் என்ற பேர் வாங்கிய மரமேறியை யாரும் மரத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். என் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கடைசி வரிசைக் கலயங்களில், கொட்டகையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, விரலால் உள்ளே இழுத்துவிட்டேன். என் சொந்த மைத்துனனின் பிழைப்பில் கை வைக்கிறேன் என்று தெரிந்தது. உயிர் இருந்தால் பிழைப்பு பிறகு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை ருசி பார்த்து, ஒன்றும் தெரியாதவன் போலப் பீப்பாயில் ஊற்றவிட்டேன். கடையில் ஒரே கூச்சல்.

"என்னாடா இது, பச்சப்புள்ளைக்குக் குடுக்கிறதா? நாலு மங்கு குடிச்சும் பொண்டாட்டி மூஞ்சி தெளிவாத் தெரியுது!"

"அலமாக்! கடைசி வரிசைன்னு சொல்லி வெறும் பதநீரை ஊத்திப்புட்டான்யா!"

கிராணியார் வந்து கலயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். வெள்ளையாக வந்தது. என் மைத்துனன் சத்தியம் செய்தான், மண்ணை அள்ளி அடித்தான். ஒருவரும் நம்பவில்லை. கூட்டத்துக்குள் அவன் கண் என்னைத் தேடியது. நான் பீப்பாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் கொஞ்ச நாளைக்கு ஒருவரும் ஏற வேண்டாம், கலயமெல்லாம் வெயிலில் காயட்டும் என்று கிராணியார் சொன்னார். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. உடனே அவர் அவனைப் பார்த்து, "நீ மூண்டாம் வரிசைக்குப் போ" என்றார். அது நடு வரிசை; கடலிலிருந்து தூரம். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மூன்றாம் வரிசையில் அவன் ஏறி இரண்டாவது நாள் காலை. விறகு வாசனை, பிறகு இனிப்பு. துப்பினேன். நாக்கின் அடியில் கிணறு திறந்தது.

முதலில் என் வாயிலேயே ஏதோ வியாதி என்று நினைத்தேன். இரண்டாம் வரிசையைப் பார்த்தேன், இல்லை. நான்காவதைப் பார்த்தேன், லேசாக இருந்தது. ஐந்திலும் ஆறிலும் லேசாக இருந்தது. மறுபடி மூன்றாவதை எடுத்தேன். வாய் மரத்துப்போனது. கொட்டகைக்கு வெளியே வந்து பாரிட்டைப் பார்த்தேன். கடல் பக்கம் ஓட வேண்டிய தண்ணீர் அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு காய்ந்த இலை மிதந்தபடி கடலிலிருந்து எங்கள் பக்கமாக, மேட்டை நோக்கி, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையைத் தாண்டி, மண்ணுக்கு அடியில், கடல் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என் விரல்.

இரண்டாம் முறை சுண்ணாம்பு உதவாது. இருக்கிற வழி ஒன்றுதான். சாயங்காலச் சீவலுக்கு மரமேறிகள் கிளம்புவதற்கு முன்னால் கொட்டகையில் எல்லோரும் கூடியிருந்தபோது, கிராணியார் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, சுண்ணாம்பு தடவுனது அவன் இல்லை. நான்தான்."

என் நாக்கைத் தவிர வேறு எதற்கும் அங்கே எனக்கு மதிப்புக் கிடையாது. அதுவும் அந்த நிமிஷத்தில் போயிற்று. கிராணியார், "பெட்டி படுக்கையைக் கட்டும்" என்றார். நான் மூன்றாம் வரிசை, பாரிட், தண்ணீர் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். மற்ற மரமேறிகளும் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் மைத்துனன் போகவில்லை. நான் லயத்துக்கு நடக்க, பின்னாலேயே வந்தான். வாசலில் என் சட்டையைப் பிடித்தான்.

"ஊரே காறித் துப்புச்சே, பாத்துக்கிட்டுதானே நின்னீங்க? நான் என்னா மாமா பண்ணினேன் உங்களுக்கு?"

"நீ இன்னிக்கு ஏறாதே. அப்புறம் என்னை அடிச்சாலும் சரி."

"அடிக்கத்தான் வந்தேன்!"

என் மனைவி ஓடிவந்து நடுவில் நின்றாள். "தம்பி, மாமா மேல கைய வச்சே, அப்புறம் அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு வராதே" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். சட்டையை விட்டான். பிறகு உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தான். "பதநீர்க்காரன்னு கூப்பிடுறானுங்க அக்கா" என்றான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தபோது தோப்புப் பக்கம் புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நின்றது. அதற்குப் பிறகு ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரமேறிகள் எல்லோரும் கீழே இறங்கி நின்றிருந்தார்கள். மூன்றாம் வரிசையில், பாரிட்டை ஒட்டி, அவன் முதலில் ஏறுகிற மரம் குறுக்கே கிடந்தது. என் மைத்துனன் அந்த மரத்தின் அடியிலிருந்து நுனி வரைக்கும் நடந்தான். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான். அவன் பல் கிட்டித்திருந்தது.

மறுநாள் துரை ஆள் விட்டு அணையைத் தோண்டிப் பார்த்தார். கடல் தண்ணீரை நிறுத்துகிற பலகைக் கதவு அடியில் உளுத்துப்போயிருந்தது. நண்டு துளைத்த வழியெல்லாம் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. கதவை மாற்றினார்கள், அணையை உயர்த்தினார்கள். கிராணியார் என் பெட்டி படுக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. கொட்டகையைக் கடந்து போகும்போது மட்டும், "எல்லாம் சரியாப் பாத்துச் சொல்லும் காணும்" என்றார். கள்ளுக்கடையிலோ அந்த வாரமே மூன்றாம் வரிசை இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் எனக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. யாரும் உத்தரவு போடவில்லை, ஆனால் மரமேறிகள் ஒருவரும் நான் ருசி பார்த்து முடிக்காமல் சாயங்காலச் சீவலுக்குப் போக மாட்டார்கள். காலையில் கலயங்களை வைத்துவிட்டுச் சுற்றி நிற்பார்கள். முன்பு என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது என் முகத்தையே பார்ப்பார்கள். என் புருவம் அசைந்தால் ஒருவன் அன்றைக்கு ஏறாமல் நிற்பான். ஆகவே புருவத்தை அசைக்காமல் துப்பப் பழகினேன். கடைசியில் என் மைத்துனன் முன்னால் வருவான். அவன் மறுபடியும் கடைசி வரிசைக்குப் போயிருந்தான். அவனே கேட்டு வாங்கியது. அவனும் சிரிப்பதை விட்டிருந்தான்.

"ஏறவா மாமா?"

"ஏறு."

தினமும் இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவன் இறங்கி வருகிற வரைக்கும் கொட்டகை வாசலிலேயே நிற்பேன். குளிர்ச்சி திரும்ப வரவில்லை. வராததுதான் இன்னும் பயமாக இருந்தது. வந்தும் எனக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்று இருந்தது.

அடை மழைக் காலத்தில் எனக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்து, நாக்கில் தோல் போர்த்தியது போல ஆகிவிட்டது. காலையில் கலயத்தில் வாய் வைத்தேன். ஒன்றும் இல்லை. இனிப்பு இல்லை, உப்பு இல்லை, வெறும் ஈரம். ஏழு வரிசையையும் பார்த்தேன். ஏழும் ஒன்று. சுற்றிலும் அத்தனை முகங்கள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கு ஒருவரும் ஏற மாட்டார்கள், நாளைக்கும் ஏற மாட்டார்கள், அப்புறம் அந்தத் தோட்டத்தில் யாராலும் எந்த மரத்தையும் நம்ப முடியாது. அதைவிட, தெரியவில்லை என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. துப்பினேன். முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. ஒவ்வொருவராகப் போனார்கள். அவன் வந்து நின்றான்.

"ஏறவா மாமா?"

"ஏறு" என்றேன்.

அவன் முன்னால் நடக்க, நானும் பின்னாலேயே போனேன். எதற்கு வருகிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கடைசி வரிசையில் முதல் மரத்தில் அவன் கால் வைத்ததும் நான் அடிமரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன். நான் பிடித்தா மரம் நிற்கப்போகிறது! மேலே அவன் பாளையைத் தட்டுகிற சத்தம் மரத்துக்குள்ளேயே இறங்கி வந்து என் கைக்குள் கேட்டது. காலடியில் மண் ஈரமாக இருந்தது. மழையின் ஈரமா என்று குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை. அவன் இறங்கினான். அடுத்த மரத்துக்குப் போனான். நானும் போய் அதில் கை வைத்தேன். அந்த வரிசை முடிகிற வரைக்கும் ஒவ்வொரு மரத்திலும் அப்படியே நின்றேன். கடைசி மரத்திலிருந்து கால் மண்ணில் பட்டதும் அவன் என் கையைப் பிடித்து மரத்திலிருந்து எடுத்தான்.

"மாமா, உங்களுக்கு இன்னிக்கு வாய் செத்துக் கிடக்கு, இல்ல?"

நான் தலையாட்டினேன்.

"தெரியும்" என்றான். "காலையிலயே மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

தெரிந்துகொண்டுதான் ஏறினாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இரண்டு பேரும் அணையின்மேல் ஏறி, கடலைப் பார்க்காமல், லயத்தை நோக்கி நடந்தோம்.